எதையும் வேண்டாம் என்னும் அப்பாவுக்கு ஓர் அனுபவத்தைப் பரிசளிப்பது எப்படி?

சட்டை எடுத்துக் கொடுத்தால் "இருப்பதே போதும்" என்று பீரோவில் வைத்துவிடுவார். கைக்கடிகாரம் வாங்கினால் முதலில் விலையைக் கேட்பார். புதிய கைப்பேசி கொடுத்தால் பழையது நன்றாகத்தானே வேலை செய்கிறது என்பார். அறுபதைக் கடந்த அப்பாக்களுக்கு வாங்கும் பொருள்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. என் அப்பாவுக்காகப் பொருள்களைக் கைவிட்டு, ஒரு பயணத்தையும் சில கச்சேரிகளையும் ஏற்பாடு செய்தபோது, எங்கே சிக்கல் வரும், எந்த ஆவணம் கடைசி நேரத்தில் தேவைப்படும், எதற்கு எத்தனை நாள் முன்னதாக முன்பதிவுக்கு உட்கார வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ரயில் டிக்கெட் எடுத்தது, வரிசையில் நின்றது, மூட்டைகளை எண்ணியது, இரவெல்லாம் விழித்திருந்து நிலையம் வந்ததும் எழுப்பியது எல்லாம் அப்பாதான். ஆகவே அவருக்குத் தரும் அனுபவத்தில் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரே நோக்கத்துக்காகத்தான்.

1. ஆசையை அவரிடம் கேட்காமல் கண்டுபிடியுங்கள்

"உங்களுக்கு என்னப்பா வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம், நீங்கள் நன்றாக இருந்தால் போதும்" என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இரண்டு மூன்று வாரங்கள் அவர் பேச்சைக் கவனியுங்கள். நாளிதழில் எந்தப் பக்கத்தை முதலில் திருப்புகிறார், தொலைக்காட்சியில் எதற்காக ஒலியைக் கூட்டுகிறார், எந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது பேச்சு நீள்கிறது என்று பாருங்கள். அம்மாவிடமும் அப்பாவின் பழைய நண்பர்களிடமும் கேட்பது இன்னும் பயனுள்ளது. "அந்தக் காலத்தில் போக நினைத்தோம், கடைசியில் அந்தப் பணம் உன் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விட்டது" என்பது போன்ற ஒரு வாக்கியம் அவர்களிடமிருந்து கிடைத்தால், தேடல் அத்துடன் முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களுக்குப் பிடித்ததை அவருக்கும் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நட்சத்திர விடுதியின் இரவு விருந்தும் கடற்கரை சொகுசு விடுதியும் பிள்ளைகளின் ஆசைகளாகவே பெரும்பாலும் இருக்கின்றன. அறுபதாம் கல்யாணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். திருக்கடையூரில் அது சிறப்பாகவே நடக்கும். ஆனால் அன்று முழுவதும் வந்தவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அப்பாவிடமே இருக்கும். அது குடும்ப விழா. பரிசைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

2. உடல்நிலையையும் அன்றாட ஒழுங்கையும் எழுதி வையுங்கள்

முட்டி வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம், காது கேட்கும் அளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை தேவைப்படுகிறது, மாலை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதியை இந்தத் தாளே முடிவு செய்துவிடும். இதயச் சிகிச்சை செய்துகொண்டவராக இருந்தால், மலைப் பயணத்துக்கும் வானூர்திக்கும் முன் அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முன்பதிவைத் தொடங்குங்கள்.

3. அனுபவத்தைத் தேர்ந்தெடுங்கள்

இசை கேட்பவராக இருந்தால் சென்னையின் மார்கழிக் கச்சேரிகளைவிட எளிதான பரிசு இல்லை. மியூசிக் அகாடமியின் இசை விழா வழக்கமாக டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடக்கிறது. நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், பார்த்தசாரதி சுவாமி சபா ஆகியவற்றிலும் அதே பருவத்தில் கச்சேரிகள் உண்டு. பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. மாலையில் பாடும் முன்னணிக் கலைஞர்களுக்குத்தான் டிக்கெட் வேகமாகத் தீரும். பருவம் முழுவதற்குமான டிக்கெட்டை வாங்கிக் கொடுத்து "போய்க் கேளுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். அவருக்குப் பிடித்த மூன்று நான்கு கலைஞர்களைத் தேர்ந்து, அந்த நாள்களுக்கு மட்டும் இரண்டு டிக்கெட் எடுத்து, நீங்களோ அவருடைய நண்பரோ உடன் செல்லுங்கள். இருக்கை வரிசையின் ஓரத்தில் இருந்தால் இடையில் எழுந்து போய்வருவது எளிது. சபா உணவகத்தில் சாப்பிடும் நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இசை ரசிகர்கள் பலருக்கு அது கச்சேரியின் ஒரு பகுதியேதான்.

கிரிக்கெட் பிரியர்களுக்குச் சேப்பாக்கம். ஐபிஎல் டிக்கெட்டுகள் இணையத்தில் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன. இரைச்சலும் நெரிசலும் வயதானவர்களைக் களைப்படையச் செய்யும். ஒரு டெஸ்ட் போட்டியின் ஒரு நாளுக்கு டிக்கெட் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. சென்னைக்கு டெஸ்ட் போட்டி அடிக்கடி வருவதில்லை. அட்டவணை வெளியான உடனே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பைகளுக்கும் வெளி உணவுக்கும் பொதுவாக அனுமதி இல்லாததால், அவருடைய மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டையும் கையில் வைத்திருங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் வாகனம் நிறுத்தும் சிக்கல் இல்லை.

வானூர்தியில் ஒரு முறைகூட ஏறாத அப்பாக்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ தூத்துக்குடிக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம் முதல் முறைக்குப் போதுமானது. பகல் நேரத்தில், சன்னலோர இருக்கையில், ஒரு வழியை வானூர்தியிலும் மறு வழியை ரயிலிலும் வைத்துக்கொண்டால் செலவும் அடங்கும்.

பொறியியல், பொதுப்பணி, ரயில்வே போன்ற துறைகளில் இருந்து ஓய்வு பெற்றவருக்குப் பாம்பன் சரியான இடம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்களுக்கு வழி விடுவதற்காகச் செங்குத்தாக மேலே எழும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பாலத்தைக் கடக்கும் ரயிலாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரவில் கடந்தால் வந்ததன் பயன் இல்லை.

பக்தியுள்ள, வருமானம் குறைந்த பெற்றோருக்கு ஒரு தகவல். தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறை, இராமேசுவரம்–காசி ஆன்மிகப் பயணத்துக்கும் அறுபடை வீடு பயணத்துக்கும் 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களை அரசு செலவில் அழைத்துச் செல்கிறது. காசிப் பயணத்துக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். வட்டாட்சியரின் வருமானச் சான்றும் உடல் தகுதிக்கான மருத்துவச் சான்றும் கேட்கப்படும். அறிவிப்பு வந்த பிறகு சான்றுகளுக்கு அலைந்தால் கடைசித் தேதி கடந்துவிடும் என்பதால், அவற்றை முன்னரே வாங்கி வைப்பதுதான் பிள்ளைகள் செய்யக்கூடிய உதவி.

இவை எல்லாவற்றையும்விட மலிவானதும், என் மதிப்பீட்டில் மிக உயர்ந்ததும், அவர் முதன்முதலில் வேலை பார்த்த ஊருக்கோ படித்த பள்ளிக்கோ ஒரு நாள் அழைத்துச் செல்வதுதான். பள்ளியாக இருந்தால் தலைமை ஆசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். உடன் வேலை பார்த்தவர் யாராவது இன்னும் அந்த ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்து, அவருக்குத் தகவல் சொல்லி, அவருடைய வசதிப்படி நாளைக் குறியுங்கள். பழைய அலுவலகக் கட்டடம் இடிக்கப்பட்டிருக்கலாம். நீங்கள் ஒரு முறை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதை அவரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பலவகை அனுபவங்களுக்கு இணையத்தில் பரிசுச் சீட்டு விற்கிறார்கள். அப்பாவுக்கு அதைத் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலாவதித் தேதி, வார இறுதியில் செல்லாது என்ற நிபந்தனை, தனியாகச் சேரும் வரி ஆகியவை சிறிய எழுத்தில் இருக்கும். அதைவிட முக்கியமானது, தேதியைப் பதிவு செய்யும் வேலை அவர் தலையில் விழும். அவர் அதை யாராவது ஓர் உறவினரின் மகனுக்குக் கொடுத்துவிடுவார்.

4. ஆவணங்களை முதலில் சரிபாருங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன் அப்பாவின் ஆதார் அட்டையை வாங்கிப் பெயர், பிறந்த தேதி, முதலெழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். நம் பெயர்களில் உள்ள முதலெழுத்துதான் பெரிய தொல்லை. ஆதாரில் முதலெழுத்து மட்டும் இருக்கும், வாக்காளர் அட்டையில் தந்தை பெயர் முழுதாக இருக்கும், வானூர்தி நிறுவனத்தின் படிவமோ பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்கும். பயணத்தன்று எந்த அட்டையைக் காட்டப் போகிறாரோ அதில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அந்த நிறுவனம் என்ன முறை வைத்திருக்கிறது என்பதை அதன் உதவி எண்ணில் கேட்டபின் பணம் கட்டுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு பெயரைத் திருத்துவதற்குப் பணமும் நேரமும் செலவாகும்.

ரயிலில் இணைய டிக்கெட்டுடன் பயணம் செய்யும் குழுவில் ஒருவராவது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். வானூர்திக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அட்டையின் ஒளிநகலை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

5. முன்பதிவு: நீலகிரி மலை ரயிலை எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள்

எல்லா அனுபவங்களுக்கும் முன்பதிவு முறையை விவரிக்க இங்கே இடமில்லை. மிகக் கடினமான ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும் என்பதால், மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணிக்கு மேல் புறப்பட்டுக் காலை 6 மணியை ஒட்டி மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயில் காலை 7.10க்குப் புறப்பட்டு நண்பகலை ஒட்டி உதகை சேரும். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தின் உதவியுடன் நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னிருந்து தள்ளிக்கொண்டு மலையேறும் பகுதிதான் இந்தப் பயணத்தின் உயிர்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டுவிட்டது. பழைய கணக்கைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பதிவு திறக்கும் வேளையில் ஆதார் சரிபார்க்கப்பட்ட ஐஆர்சிடிசி கணக்குகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஆகவே அதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கணக்கில் ஆதாரை இணைத்து, பயணிகளின் பெயர்ப் பட்டியலையும் சேமித்து வையுங்கள். கோடை விடுமுறைக்கும் தொடர் விடுமுறைகளுக்கும் இடங்கள் உடனே தீர்ந்துவிடும். ஓய்வு பெற்ற அப்பாவுக்கு எல்லா நாளும் ஒன்றுதான், எனவே நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு செவ்வாய், புதன் போன்ற நாள்களைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மலை ரயிலில் இடம் பிடியுங்கள், அது உறுதியான பின் நீலகிரி எக்ஸ்பிரஸ், அதன் பின் தங்கும் அறை என்ற வரிசையை மாற்ற வேண்டாம். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் அது தானாகவே ரத்தாகிவிடும்; அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது.

இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை வேண்டும் என்றால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும், ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் கிடைக்கும். அவர்களுடன் உங்கள் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு பொருந்தாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட், உங்களுக்குப் பொதுப் பிரிவில் ஒரு டிக்கெட் என்று பிரித்து எடுங்கள். பெட்டி மாறிப் போகலாம், அது பரவாயில்லை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது, எனவே முழுக் கட்டணத்தையே கணக்கில் வையுங்கள்.

திடீரென்று உங்களால் போக முடியாமல் போனால், உறுதியான டிக்கெட்டை உங்கள் சகோதரர், சகோதரி, மனைவி, கணவர், பிள்ளை ஆகியோரில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாக, உறவைக் காட்டும் சான்றுடன் முன்பதிவு மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். தட்கலில் எடுத்த உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. நாளைக் குறிக்கும்போது பருவத்தைப் பாருங்கள்

அப்பாவின் பிறந்த நாளன்றே போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து மலை ரயில் ரத்தாவது வழக்கம். ரயில்வேயே ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். ஆனால் அறை வாடகை வராது. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் தாங்காது. ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை உள்ள காலம் வசதியானது; காலையிலும் இரவிலும் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் குல்லாயும் கம்பளி ஆடையும் கட்டாயம்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ உதகைக்குச் செல்வதாக இருந்தால் 2024 மே முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் செல்பவர்களுக்கு அது வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டத்தில் நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்து எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள்.

7. செலவைக் கணக்கிட்டு, அதை அவரிடமிருந்து விலக்கி வையுங்கள்

மலை ரயில் கட்டணம் தலைக்குச் சில நூறு ரூபாய்தான். சென்னையிலிருந்து மூன்றடுக்கு ஏசியில் ஒரு வழிக்குத் தலைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். இரண்டு இரவு தங்கும் அறை, உள்ளூர் வாகனம், உணவு எல்லாம் சேர்த்து மூவருக்கு 15,000 முதல் 20,000 ரூபாய் ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது தரைத்தளமா, வெந்நீர் எந்நேரமும் உண்டா, மேற்கத்தியக் கழிப்பறையா என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

எவ்வளவு ஆயிற்று என்று அப்பா கேட்பார். பொய் சொல்ல வேண்டாம். "எல்லாம் கட்டியாகிவிட்டதப்பா, இப்போது போகாவிட்டால் பிடித்தம் போகத்தான் திரும்பக் கிடைக்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். கட்டிய பணம் வீணாவதை எந்த அப்பாவும் பொறுக்க மாட்டார். வழியில் அவர் கையிலிருந்து பணம் போகாதபடி, வாகனக் கட்டணத்தையும் உணவகத்துக்கான முன்பணத்தையும் முடிந்தவரை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

8. பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள்

கடைசி நிமிடத்தில் சொல்லி வியப்பில் ஆழ்த்தும் பழக்கம் வயதானவர்களுக்கு உதவாது. மருந்து வாங்க வேண்டும், பால்காரரிடம் சொல்ல வேண்டும், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பார்க்க வேண்டும். இவை முடியாமல் அவர் மனம் பயணத்தில் இறங்காது. இரண்டு மாதம் முன்னதாகச் சொன்னாலோ, ரத்து செய்யும்படி தினமும் சொல்லிக்கொண்டிருப்பார். பத்து நாள்தான் என் அனுபவத்தில் சரியாக அமைந்தது. டிக்கெட்டுகளையும் அறை ரசீதையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, புறப்படும் நேரங்களை ஒரே தாளில் தமிழில் எழுதி, ஒரு கோப்பில் போட்டுக் கையில் கொடுங்கள். கைப்பேசித் திரையைவிடத் தாளைத்தான் அவர் நம்புவார், அண்டை வீட்டாரிடம் காட்டவும் செய்வார்.

9. புறப்படும் நாளிலும் திரும்பிய பிறகும்

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் நிலையத்திலேயே கழிப்பறைக்குச் சென்றுவரச் சொல்லுங்கள். மலை ரயில் பெட்டிக்குள் அந்த வசதியை எதிர்பார்க்காமல், ஹில்குரோவ், குன்னூர் போன்ற நிறுத்தங்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். காலை மருந்துக்கு முன் சாப்பிட இட்லியோ ரொட்டியோ கையில் இருக்கட்டும். ஐந்து மணி நேரம் உட்கார முடியாத முதுகு வலிக்காரர்களுக்குக் குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் குறுகிய பயணம் போதும். அது சுமார் ஒரு மணி நேரம்தான், டிக்கெட்டும் எளிதில் கிடைக்கும். பல்சக்கரப் பகுதி அதில் வராது என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வானூர்திப் பயணமாக இருந்தால் சக்கர நாற்காலி வேண்டும் என்பதைக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். பைக்குள் தீப்பெட்டியும் கொப்பரையும் இல்லை என்பதை வீட்டிலேயே பாருங்கள். சோதனையில் பையைத் திறக்கச் சொன்னால் அவர் மனம் சுருங்கிவிடும்.

திரும்பி வந்த மறுநாள் மருத்துவப் பரிசோதனை, வங்கி வேலை, உறவினர் வீட்டு விசேஷம் எதையும் வைக்காதீர்கள். மலை இறங்கியவர்களுக்கு முட்டி வலி இரண்டாம் நாள்தான் தெரியும்.